மதுரையிலிருந்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு: ஆராய்ச்சி வழி முதுகலைப் பொறியியல் சேர்க்கைக்கு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் முதுகலை படிக்க நினைக்கும் மாணவர்கள் மதுரைப் பக்கம் வழக்கமாகப் போகும் வரிசை இது: கன்சல்டன்சியில் பதிவு, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு, பல்கலைக்கழகப் பட்டியல், விண்ணப்பம், இடம் கிடைத்ததும் கடனுக்கு அலைச்சல். வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பாடவழிப் படிப்புக்கு இந்த வரிசை ஒத்துவரும். ஆராய்ச்சி வழிப் படிப்புக்கு ஒத்துவராது. அங்கே முதலில் கேள்வி, அடுத்து கைடு, அதன்பின் பணம், எல்லாம் கூடிவந்த பிறகுதான் விண்ணப்பப் படிவம். வரிசையைப் புரட்டிப் போட்டவர்கள்தான் நல்ல மதிப்பெண் இருந்தும் ஓராண்டை இழக்கிறார்கள்.

செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதமே வேலையை ஆரம்பிக்க வேண்டும். பி.இ. மாணவருக்கு அது மூன்றாம் ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டு தொடங்கும் நேரம்.

1. படிப்பின் பெயரைச் சரியாகப் படியுங்கள்

ஒரே துறையில் இரண்டு படிப்புகள் அருகருகே இருக்கும். கனடாவில் எம்.ஏ.எஸ்சி. என்பது ஆய்வேட்டுடன் கூடியது, எம்.இங். பெரும்பாலும் பாடவழி. பிரிட்டனில் எம்.எஸ்சி. பொதுவாகப் பாடவழி, எம்.ரெஸ்., எம்.ஃபில். இரண்டும் ஆராய்ச்சி வழி. ஆஸ்திரேலியாவிலும் பொறியியல் ஆராய்ச்சி முதுகலைக்கு ‘மாஸ்டர் ஆஃப் ஃபிலாசஃபி’ என்றே பல இடங்களில் பெயர். எம்.ஃபில். என்றதும் கலைப் படிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஜெர்மனி வேறு மாதிரி. இரண்டாண்டுப் படிப்புக்கு 120 கிரெடிட். அதில் வழக்கமாக 30 கிரெடிட், அதாவது கடைசி ஆறு மாதம், ஆய்வேட்டுக்கு. அங்கே சேரும்போதே கைடு வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் ‘கென்கியூசெய்’ என்ற ஆராய்ச்சி மாணவர் நிலை உண்டு. அது பட்டம் தராது; ஆய்வகத்தில் இருந்துகொண்டே முதுகலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் காலம் அது.

ஒரு பருவத்துக்கு மட்டும் வருகை மாணவராகப் போய்வரும் வழியும் இருக்கிறது. எம்.இ. மாணவர்கள் இரண்டாம் கட்ட புராஜெக்டை அப்படிச் செய்யலாம். பட்டம் இங்கேதான் கிடைக்கும் என்பதால், போவதற்கு முன்பே உங்கள் துறையிடமும் தேர்வுப் பிரிவிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இங்குள்ள கைடு, அங்குள்ள கைடு இருவர் பெயரும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன ‘சரி’ வைவா நாளில் உதவாது.

2. பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

இது சின்ன வேலை மாதிரித் தெரியும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அதிகம் இடறுவது இங்கேதான்.

சான்றிதழில் ‘கார்த்திகேயன் ரா’ என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு வெறும் ‘கார்த்திகேயன்’ என்று வாங்கியிருப்பார்கள். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவரின் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. பிறகு வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக அட்டை எல்லாவற்றிலும் அதே தொடரும்.

புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சர்நேமாகக் கொடுங்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ரேஸ்கோர்ஸ் பக்கம் பாரதி உலா சாலையில் இருக்கும் மண்டல அலுவலகத்தின் கீழ்தான் மதுரை வருகிறது. சான்றிதழில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் இரண்டுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். அதனால் பாஸ்போர்ட் முதலில், தேர்வு பிறகு. இந்த இரு தேர்வு முடிவுகளுக்கும் ஆயுள் 2 ஆண்டு. மிக முன்னதாக எழுதுவதும் வீண்.

3. தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

இந்த இடத்தில்தான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். ஆராய்ச்சி வழிப் படிப்பில் உங்களைச் சேர்ப்பவர் சேர்க்கைப் பிரிவு அலுவலர் அல்ல, ஒரு பேராசிரியர். உங்களுக்கு ஆராய்ச்சிக் கேள்வி என்றால் என்னவென்று தெரிகிறதா என்றுதான் அவர் பார்ப்பார்.

மதுரைப் பக்கத்து சிவில் மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் ஒன்றைப் பார்ப்போம். மேலூர்ப் பகுதியில் கிரானைட் அறுக்கும்போது வரும் தூள். ‘கான்கிரீட்டில் கிரானைட் தூளின் பயன்பாடு’ என்று எழுதினால் அது தலைப்பு. ஆயிரம் பேர் எழுதியாயிற்று. பேராசிரியர் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

கேள்வி இப்படி வரும்: கிரானைட் தூளில் பெரும்பகுதி குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். இரண்டும் படிக வடிவில் இருப்பதால் ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) போல சுண்ணாம்போடு வினைபுரிவது மிகக் குறைவு; இடைவெளியை நிரப்பும் வேலையைத்தான் செய்கிறது. அப்படியென்றால் சிமென்டில் 10 அல்லது 20 சதவீதத்தை எடுத்துவிட்டு இதைப் போடும்போது குறையும் வலிமையில், தூளை இன்னும் நுணுக்கமாக அரைப்பதால் எவ்வளவை மீட்கலாம்? எந்த நுணுக்கத்துக்கு மேல் அரைப்பது வீண்?

இதில் காரணம் இருக்கிறது, அளக்கக்கூடிய மாறி இருக்கிறது, ‘முடியாது’ என்ற விடை வந்தாலும் அது விடையாகவே இருக்கும்.

அடுத்து, கேள்வியைக் கிலோவில் கணக்குப் போடுங்கள். தூள் சேர்க்காத ஒரு கலவை. இரண்டு அளவு, இரண்டு நுணுக்கம் என்று நான்கு. ஆக ஐந்து கலவை. 7, 28, 56, 90 நாள் சோதனை, ஒவ்வொன்றுக்கும் 3 மாதிரி என்றால் 60 உருளைகள். 100 மி.மீ. விட்டம், 200 மி.மீ. உயரம் உள்ள உருளை ஒன்றின் கன அளவு 1.57 லிட்டர். அறுபதுக்கும் சேர்த்து சுமார் 94 லிட்டர். சேதாரத்தோடு 105 லிட்டர் என்று வையுங்கள். கனமீட்டருக்கு 400 கிலோ பைண்டர் (சிமென்டும் தூளும் சேர்ந்த எடை) என்றால் தேவைப்படும் தூள் 5 கிலோதான். தூளின் தன்மையை அறியும் சோதனைகளுக்கும் சேர்த்து 7 கிலோ போதும். ‘மூலப்பொருள் 7 கிலோ, கூரியரில் அனுப்பலாம்’ என்ற ஒரு வரி, இது நடக்கக்கூடிய வேலை என்று கைடுக்குக் காட்டிவிடும்.

நாள் கணக்கும் அதே அளவு முக்கியம். ஓராண்டு எம்.ரெஸ். செப்டம்பரில் தொடங்கினால், 90 நாள் முடிவு ஏப்ரலில் கையில் இருக்க கடைசி வார்ப்பு ஜனவரி நடுவிலாவது முடிந்திருக்க வேண்டும். 365 நாள் சோதனை என்று ஓராண்டுத் திட்டத்தில் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த வரியைப் பார்த்ததுமே திட்டத்தை மூடிவிடுவார்கள்.

நம் ஊர் அளவைகளையும் மாற்றி எழுத வேண்டும். ‘53 கிரேடு சிமென்ட்’ என்றால் வெளியில் பலருக்குப் புரியாது. ஐரோப்பாவில் 42.5, 52.5 என்ற வகைகள் உண்டு; ஆனால் அவை 40×40×160 மி.மீ. பட்டகத்தில் சோதித்தவை, நம்முடையது 70.6 மி.மீ. கியூபில் சோதித்தது. ஆகவே 53-ஐயும் 52.5-ஐயும் ஒன்றென்று எழுதுவது தவறு. இங்கே 150 மி.மீ. கியூபில் சோதிக்கிறோம், கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உருளை. அதே கான்கிரீட் உருளையில் ஏறக்குறைய 0.8 மடங்கு வலிமைதான் காட்டும். உங்கள் பி.இ. புராஜெக்ட் முடிவைக் குறிப்பிடும்போது ‘கியூப் வலிமை’ என்று தெளிவாக எழுதுங்கள். மற்றத் துறைகளிலும் இப்படி உள்ளூர்க் குறியீடு ஏதாவது இருக்கும். தேடிப் பிடித்து மாற்றுங்கள்.

4. கைடைத் தேடுவதும் மெயில் எழுதுவதும்

பல்கலைக்கழகத் தரவரிசையிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் கேள்வியை ஒட்டிய சமீபத்திய கட்டுரைகள் பத்தைப் படித்து, அவற்றின் கடைசி ஆசிரியர் யார் என்று பாருங்கள். பொறியியல் கட்டுரைகளில் பெரும்பாலும் அவர்தான் ஆய்வகத் தலைவர். அவருடைய ஆய்வகப் பக்கத்தில் இரண்டைக் கவனியுங்கள்: இப்போது மாணவர் எடுக்கிறாரா, கடைசி இரண்டு ஆண்டில் அதே பொருளில் கட்டுரை வந்திருக்கிறதா. வரவில்லையென்றால் அவர் வேறு வேலைக்கு நகர்ந்துவிட்டார்.

எட்டுப் பேர் போதும். ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவதால் பயன் இல்லை. ஒரே துறையில் இருவருக்குப் போனால், அவர்கள் மதிய உணவில் பேசிக்கொள்வார்கள்.

மெயில் 200 வார்த்தைக்குள், நான்கு பத்தி. முதல் பத்தி: நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்தச் சேர்க்கைக்கு. இரண்டாவது: அவருடைய ஒரு கட்டுரையில் நீங்கள் கவனித்த ஒரு முடிவு, அதிலிருந்து எழும் உங்கள் கேள்வி. மூன்றாவது: நீங்கள் கையால் செய்த வேலை. ‘எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிகங்களை அறியும் முறை) தெரியும்’ என்பதைவிட ‘கல்லூரி ஆய்வகத்தில் 48 கியூப் வார்த்து சோதித்தேன்’ என்பது எடை கூடியது. நான்காவது: ஒரே ஒரு வேண்டுகோள், அதாவது 20 நிமிடம் பேச முடியுமா என்பது. இணைப்பாக ஒரு பி.டி.எஃப்., இரண்டு பக்கம். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்:

‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்குவது. பெறுபவர் பெண்ணாக இருந்தால் அந்த வரியோடு கதை முடிந்தது. ‘டியர் புரொஃபசர்’, அடுத்து குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

பழைய மெயிலிலிருந்து வெட்டி ஒட்டிய பத்தியில் எழுத்துருவோ நிறமோ மாறியிருப்பது. அனுப்பும் முன் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, போனில் திறந்து பாருங்கள்.

முதல் மெயிலிலேயே ‘ஸ்காலர்ஷிப் தருவீர்களா’ என்று கேட்பது. அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் உங்கள் வேலையில் ஆர்வம் காட்டிய பிறகு, இரண்டாவது மெயிலில். அப்போது தயங்காமல் நேராகக் கேளுங்கள்.

பதில் வரவில்லையென்றால் பன்னிரண்டு, பதினான்கு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதன்பின் விட்டுவிடுங்கள். கனடாவில் பல துறைகளுக்கு டிசம்பர், ஜனவரி கடைசித் தேதி; ஆகவே ஆகஸ்டு முதல் அக்டோபர் வரைதான் மெயில் எழுதும் காலம்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும் வரிசை சற்று மாறும். ஆவணம், எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்ற முதல் கட்டத்தைத் தாண்டிய பிறகே பல்கலைக்கழகங்களிடம் ஏற்புக் கடிதம் முறைப்படி கேட்க வேண்டும். நம் பக்கத்துக்குச் சென்னையில் உள்ள துணைத் தூதரகம்.

5. சான்றிதழ்கள்: யார் தருவது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மார்க் ஷீட் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. மார்க் ஷீட் பருவத்துக்கு ஒன்று. டிரான்ஸ்கிரிப்ட் என்பது எல்லாப் பருவத்தையும் சேர்த்துத் தேர்வுப் பிரிவு தனியாக அச்சிட்டு, முத்திரையிட்ட உறையில் தருவது. அந்த உறையை வீட்டில் பிரித்துப் பார்த்தால் அது செல்லாது. ஒன்றுக்கு நான்கு உறையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்கள் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் கேட்க வேண்டும். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுப் பிரிவு கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. எதை எங்கே கேட்பது என்று தெரியாமல் மதுரைக்கும் கிண்டிக்கும் இரண்டு முறை நடப்பதை இதனால் தவிர்க்கலாம்.

ஆங்கில வழிக் கல்வி என்பதற்கான சான்று, அரியர் விவரம், படித்து முடிக்கும் முன் விண்ணப்பிப்பவருக்கு போனஃபைட் ஆகியவற்றையும் சேர்த்தே கேளுங்கள். பட்டமளிப்பு விழா தாமதமாகும். அதுவரை புரொவிஷனல் சான்றிதழ்தான் ஆதாரம்.

சி.ஜி.பி.ஏ.வை நீங்களே சதவீதமாகவோ 4 புள்ளி அளவாகவோ மாற்றாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஜெர்மனிக்கு மட்டும் உத்தேசமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். 10-க்கு 8.2, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.08 வரும். அங்கே எண் சிறிதாக இருந்தால்தான் நல்லது.

6. பரிந்துரைக் கடிதம்

எச்.ஓ.டி. கையெழுத்து கனமானது என்று நினைத்து அவரிடமே போகிறார்கள். உங்களைத் தெரியாதவர் எழுதும் ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவர்’ என்ற கடிதத்தால் பயன் இல்லை. புராஜெக்டில் உங்கள் கியூப் உடைந்தபோது பக்கத்தில் நின்ற உதவிப் பேராசிரியரின் கடிதம் வேலை செய்யும்.

கடிதத்தைப் பதிவேற்றும் லிங்க்கைப் பல்கலைக்கழகம் நேராகப் பரிந்துரைப்பவருக்கு அனுப்பும். ஜிமெயில் முகவரியைப் பல இடங்கள் ஏற்பதில்லை. கல்லூரி முகவரியைக் கொடுங்கள். அந்த மெயில் ஸ்பாமில் விழுந்துகிடப்பது வாடிக்கை. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அவரிடம் சொல்லி, நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பொங்கல் விடுமுறையை ஒட்டிக் கடைசித் தேதி வந்தால் இன்னும் முன்னதாக.

7. பணம்

ஆராய்ச்சி வழிப் படிப்பின் பெரிய அனுகூலம், கைடின் திட்ட நிதியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ மாதப்படி கிடைக்க வாய்ப்பிருப்பது. கனடாவின் எம்.ஏ.எஸ்சி.யில் இது பரவலான வழக்கம். ஆனால் அனுமதிக் கடிதத்தில் தொகை, எத்தனை மாதம், கட்டணம் அதிலேயே கழியுமா என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகே அதைப் பணமாகக் கணக்கில் எடுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும், பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் இருக்கின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவையில் முன்பே எடுத்துவையுங்கள். தகுதியுள்ள பலர் இவற்றைக் கேள்விப்படாமலேயே நிலத்தை அடமானம் வைக்கிறார்கள்.

வங்கிக் கல்விக் கடனில் பொதுவான மாதிரி இது: 4 லட்சம் வரை பிணை இல்லை, 7.5 லட்சம் வரை சில வங்கிகளில் மூன்றாம் நபர் உத்தரவாதம், அதற்கு மேல் சொத்து. சொத்து என்றால் பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு என்று ஒன்றரை மாதம் ஓடிவிடும். பூர்வீக நிலம் தாத்தா பெயரிலேயே இருந்தால் பட்டா மாறுதலிலிருந்து தொடங்க வேண்டும். அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் இந்தக் காகிதங்களை நவம்பரிலேயே எடுத்துவிடுங்கள்.

பிரிட்டன் விசாவுக்குச் சேமிப்பைக் காட்டுவதில் ஒரு கடுமையான விதி உண்டு. தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் அந்த அறிக்கை 31 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நடுவில் ஒருநாள் வீட்டுச் செலவுக்கு எடுத்து, இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால், மறுநாள் போட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையை ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட வேண்டும் என்ற விதி 2024 செப்டம்பரில் வந்தது. மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். இத்தொகைகள் மாறுபவை, பணம் கட்டும் வாரத்தில் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள்.

8. நாட்டுக்கு நாடு மாறும் தனி அனுமதிகள்

பிரிட்டன்: பொறியியலில் பல ஆராய்ச்சித் தலைப்புகளுக்கு ஏ.டி.ஏ.எஸ். என்ற பிரிட்டன் அரசின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் குறைந்தது 30 வேலை நாள் ஆகும். உங்கள் ஆராய்ச்சி என்ன என்ற விளக்கத்தைப் பல்கலைக்கழகம் தரும். அதை அப்படியே போடுங்கள், அழகுபடுத்தாதீர்கள். விளக்கம் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான். சென்னை மையத்துக்கு என்றால், பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். பரிசோதனைக்கும் விசாவுக்கும் தனித்தனி நாள் வாங்காமல் அடுத்தடுத்த நாளாக வாங்குங்கள்.

ஜெர்மனி: இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இது. கூட்டம் கூடும் மாதங்களில் தாமதமாகும். பல படிப்புகளுக்கு ஜூலை 15 கடைசித் தேதி என்பதால் ஜனவரியிலேயே அனுப்புங்கள்.

ஆஸ்திரேலியா: மாணவர் விசா 500 பிரிவு. உண்மையான மாணவரா என்பதற்கான கேள்விகளுக்கு உங்கள் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். நண்பரின் பதிலை வாங்கி ஊர்ப்பெயர் மட்டும் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

9. மாதிரிகளும் முதல் ஆறு வாரமும்

வைகைக் கரை மண், கண்மாய் வண்டல் என்று மாதிரி எடுத்துப் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் அனுமதி இல்லாமல் மண்ணைக் கொண்டுபோக முடியாது. விமான நிலையத்திலேயே பறிபோகும். மண்ணானாலும் கல்தூளானாலும், ஆய்வகம் எடுக்கும் அனுமதியோடு அதன் முகவரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பையிலும் எடுத்த இடம், நாள், எடை எழுதிய சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பயணத்தில் வெளிச்சீட்டு கிழியும். அதே மாதிரியில் இரண்டு கிலோவை வீட்டில் உலர்வாக வைத்துவிட்டுப் போங்கள். பார்சல் தொலைந்தால் வேலை நிற்காது.

அங்கே போன முதல் வாரம் கலவை போட்டுவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதுகாப்புப் பயிற்சி, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், கருவிக்குக் கருவி பயிற்சி எல்லாம் முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். படிவத்தில் ‘ஆபத்து இல்லை’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. தொடர்ந்து மூச்சில் போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். எந்த வகை முகமூடி, தூசி உறிஞ்சும் இடம் எது, மிச்சத்தூளை எதில் போடுவது என்று எழுதுங்கள். படிவத்தின் வெற்றுப் பிரதியைக் கைடிடம் கேட்டு வாங்கி மதுரையில் இருக்கும்போதே நிரப்பிக்கொண்டு போனால், இரண்டு வாரம் மிச்சமாகும்.

கைடை முதலில் சந்திக்கும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாரத்தில் எந்த நாள் சந்திப்பு, வரைவை எத்தனை நாள் முன்னால் அனுப்ப வேண்டும், கருவி முன்பதிவை யார் பார்க்கிறார்கள். நம் பழக்கத்தில் கைடு கூப்பிடும்வரை காத்திருப்போம். அங்கே மாணவர்தான் தேதி கேட்டு எழுத வேண்டும். மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்தால், வேலை சரியாகப் போகிறது என்று அவர் எடுத்துக்கொள்வார். சோதனை தோற்றுப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள்; 90 நாள் சோதனையில் அந்த ஒரு வாரம் பெரிய வித்தியாசம்.